இரும்புக்கு ஸ்கான் பாக்கிறவ

ஜூலை 3, வியாழன். திருகோணமலை

மேற்கால அடிக்கிற கச்சான் காத்து. காலமையே புழுதி. யன்னல் பூட்டி வச்சும் கதிரை, மேசை எல்லாம் மண்.

வீட்ட வந்து ரெண்டாம் நாள். உடம்பு இன்னும் சைனா நேரத்தில. ஒன்பது மணிக்கே மத்தியானப் பசி. அங்க கிரேன் செய்யிற யாட்டில கன்ரீனுக்கு ஓடுற நேரம் அது.

செய்ய வேண்டியது:
– அம்மாவின்ர கண் கிளினிக், திங்கள்
– குசினி பைப்புக்கு வொஷர்
– அப்பாவின்ர கல்லறைக்குப் பேர் வெட்டுற ஆளைப் பாக்க. சுவாமியார் வந்து மந்திரிக்கிறது 13ஆம் திகதி. எழுத்துப் பிழை இருக்கக்கூடாது
– தம்பி சேவியருக்குக் கொண்டு வந்த சாவிப் பெட்டி, ஸ்பானர் செற் (கட்டுநாயக்கா எயாப்போட்டில திறக்கச் சொன்னவங்கள். "இதெல்லாம் நீங்கள் பாவிக்கிறதோ மிஸ்?" "ஓம்.")
– நித்திரை

பின்னேரம் பக்கத்து வீட்டு ராணி அன்ரி. வழக்கமான கேள்வி.

"பிள்ளை இப்ப சைனாவிலயோ அமெரிக்காவிலயோ?"

"ரெண்டிலயும் அன்ரி."

"அதெப்பிடி ரெண்டிலயும்?"

நான் வாய் திறக்க முன்னம் குசினிக்குள்ள இருந்து அம்மா: "அவ இரும்புக்கு ஸ்கான் பாக்கிறவ. எனக்குப் பித்தப்பைக்குப் பாத்தவங்களெல்லே, அதே மாதிரி ஜெல் பூசி. சைனாவில கிரேன் செய்யேக்க அங்க நிண்டு பாக்கிறது, அது கப்பலில அமெரிக்காவுக்குப் போனாப் பிறகு அங்க போய்த் திருப்பிப் பாக்கிறது."

பதினொரு வருஷமா நான் ஆட்களுக்கு விளங்கப்படுத்தி ஏலாமப் போனது. அம்மா ஒரு மூச்சில. குறிச்சு வைக்கிறன். இனி விசா நேர்முகத்தில கேட்டாலும் இதையே சொல்லலாம்.

ஆறு மணிக்கு டெபியிட்ட இருந்து மெசேஜ். டெபி, கிரேன் வாங்கின அமெரிக்கத் துறைமுகத்தின்ர எஞ்சினியர். அவவுக்கு அப்ப காலமை எட்டரை.

"மேரி, லீவில குழப்புறதுக்கு மன்னியுங்கோ. மூண்டாம் கிரேன். கை மடங்குற இடத்து மூட்டு, பி-14. எங்கட இன்ஸ்பெக்டர் உள்ளுக்கு விரிசல் எண்டுறார். ஒன்றரை மீற்றர் நீளம். றிப்போட்டில உங்கட கையெழுத்து. நீங்களே நிண்டு பாத்த மூட்டோ?"

"ஓம். நானே." உடன அனுப்பிப் போட்டன்.

அனுப்பின பிறகுதான் கணக்குப் பாத்தன்.

ஒன்றரை மீற்றர் விரிசலைக் காணாம விட்டனெண்டா நான் பாத்த மூண்டு கிரேனையும் திருப்பிப் பாக்கவேணும். அதுக்கு முந்தினதுகளையும். பிறகு என்ர கையெழுத்தை ஆர் கேப்பினம்?

நாளைக்கு அமெரிக்காவில விடுமுறை. பிறகு சனி, ஞாயிறு. திங்கள் வரை ஒண்டும் அசையாது.


ஜூலை 4, வெள்ளி

காத்து அப்பிடியே. தண்ணி பதினொரு மணிக்கு நிண்டிட்டுது.

வொஷர் போட்டாச்சு. பைப் ஒழுகேல்லை. இண்டைக்குச் சரியா முடிஞ்ச ஒரே வேலை.

மீன் வாங்கப் போனனான். பாரை நல்லது இல்லை, சூரை வாங்கினன். பின்னால ரெண்டு பேர் கதைக்கிறது கேட்டுது.

"ஆர் அது?"

"மேரி. சேவியற்ற தமக்கை. சைனாவில பெரிய வேலை."

"கலியாணம்?"

"வேலையெண்டு சொன்னனெல்லே."

திரும்பிப் பாக்கேல்லை. ஆனா நிமிந்து நடந்தன். உண்மையைத்தானே எழுதவேணும்.

வாற வழியில உள்துறைமுகப் பக்கம் நிண்டன். மலை மறைப்பில தண்ணி கண்ணாடி. தூரத்தில ஒரு கிரேன் நிக்குது, எப்பவும் நிக்கிறது. பழக்கத்தில கண் மூட்டு மூட்டாப் போகுது. அமெரிக்காவில மோட்டலுக்கு முன்னால நிக்கிற விளம்பரப் பலகைக் கம்பத்தையும் இப்பிடித்தான் பாக்கிறனான். சைனாவில பஸ் தரிப்பிடத்துக் கூரையையும்.

லாவ் சென் குரல் மெசேஜ் போட்டிருக்கிறார். யாட்டில வெல்டர்மாருக்கு மேல நிக்கிற ஃபோர்மன். ஐம்பத்தெட்டு வயசு. சீன மொழியில எனக்கு வாற கெட்ட வார்த்தை எல்லாம் அவரைக் கேட்டுப் பழகினது. யாட்டில என்னை "மா கோங்" எண்டுதான் கூப்பிடுவார்: கோங் எண்டா எஞ்சினியர், மா மேரியில பாதி. மா எண்டா குதிரை எண்டும் வரும். அம்மாவுக்குச் சொன்ன நாளில இருந்து அவவுக்கு அதில சந்தோசம்.

மெசேஜில சிரிப்பு இல்லை. "மா கோங். பி-14 எண்டு அமெரிக்காக்காரர் எழுதியிருக்கினம். என்ர ரெண்டு பெடியளை இண்டைக்கே வேலையில இருந்து நிப்பாட்டிப் போட்டினம். நீ சொல்லு. அந்த வெல்ட் நல்லதோ கெட்டதோ? நீ கெட்டதெண்டா நான் வாய் திறக்க மாட்டன்."

பதில் போடேல்லை. சாப்பிட்டு முடிய றிப்போட்டைத் திறந்தன். பி-14. முடிவு: சரி. கையெழுத்து என்ர. திகதி பெப்ரவரி 13.

பெப்ரவரி 12 பின்னேரம் அப்பா போனது.

லப்டொப்பை மூடி வச்சன். அம்மா "என்ன பிள்ளை முகம்?" எண்டா. "புழுதி" எண்டன்.


ஜூலை 5, சனி

தம்பிக்கு இலங்கைத்துறையில ஒரு வேலை. மீன்பிடி வள்ளத்தின்ர வெளியிணைப்பு எஞ்சின் ஒண்டு ஸ்டார்ட் ஆகாம இழுக்குதாம். வாறியோ அக்கா எண்டான். ஓம் எண்டன். வீட்டுக்குள்ள இருந்தா அம்மா கண்ணுக்குள்ள பாப்பா.

தம்பியின்ர வானில போனது. ஓட்டம் நல்லம். றோட்டும் முந்தின மாதிரி இல்லை, காப்பெற். வெருகல் பக்கம் போகப் போக வயல், எருமை, பிறகு உப்புக் காத்து.

தம்பி கரையில எஞ்சினைப் பிரிக்கிறான். நான் ஒரு பூவரசு நிழலில. மடியில இந்தக் கொப்பி.

பின்னுக்குப் புரட்டவேணும். அஞ்சு மாசமா அந்தப் பக்கத்தைத் திறக்கேல்லை.

அண்டைக்கு நான் என்ன நிலையில நிண்டனான் எண்டு எனக்குத் தெரியும். தம்பி போனில அழுத சத்தம் காதுக்குள்ள இருந்தது. அந்த மாதிரி ஒரு ஆளின்ர கையெழுத்தை நானே நம்பமாட்டன். அதுதான் பயம். அமெரிக்காக்காரன் சொன்னதில பயமில்லை. அவன் சொன்னது சரியாயிருக்குமோ எண்டது.

அண்டைக்கு நான் ஊருக்கு வந்திருக்கலாம். பனிமூட்டத்தில காலமை எயாப்போட் பூட்டினது உண்மை. மத்தியானம் திறந்ததும் உண்மை. ஒரு சீற் இருந்தது. அடுத்த நாள் பின்னேர அடக்கத்துக்கு வந்து சேந்திருப்பன். வரேல்லை. கப்பல் ஏத்த நாலு நாள்தான் இருந்தது, பி-14 வரிசைக்குக் கையெழுத்து வைக்கத் தகுதியான மற்ற ஆள் வைத்தியசாலையில. வீட்டுக்குச் சொன்னது: "பனி. எயாப்போட் பூட்டு." முப்பத்தோராம் நாள் பூசைக்குத்தான் வந்தனான்.

அப்பாவை விட்டுப்போட்டு நிண்டு பாத்த வேலை. அதுவும் பிழையெண்டா?

புரட்டினன். இப்பிடி இருக்கு:

"பனி. பத்தடிக்கு அங்கால தெரியேல்லை. அப்பா நேற்று. பி-14. ஒருக்காப் பாத்தன், என்னை நம்ப ஏலாது. துடைச்சுப் போட்டு முதலில இருந்து. பிறகும் ஒருக்கா. மூண்டு தரமும் ஒண்டுதான். சென் லைட் பிடிச்சவர். உள்பட்டி எடுக்காம விட்டிருக்கு, புதுப் படத்தில அப்பிடித்தான். எதிரொலி அதிலயிருந்து, நேர்கோடு. வெல்ட் சுத்தம். கையெழுத்து. பத்து மணிக்குச் சென் கஞ்சி கொண்டு வந்து மேசையில வச்சிட்டுப் போனார். மத்தியானம் எயாப்போட் திறந்திட்டுதாம்."

அடுத்த பக்கம் வெறுமை. அதுக்கடுத்ததும்.

மூண்டு தரம் வாசிச்சன். பிறகுதான் அந்த ஒரு வரி மண்டையில ஏறினது. உள்பட்டி.

ரெண்டு தகட்டைப் பொருத்தி வெல்ட் அடிக்கேக்க, உருகின இரும்பு கீழ விழாம இருக்க அடியில ஒரு இரும்புப் பட்டி வைக்கிறது. முடிஞ்ச பிறகு வெட்டி எடுக்கிறதும் உண்டு, விடுறதும் உண்டு. பி-14இல முதல் வரைபடத்தில எடுக்கச் சொல்லியிருந்தது. இடம் போதாது எண்டு பிறகு மாத்தினது. பட்டி உள்ளுக்கு இருந்தா அதின்ர விளிம்பில ஸ்கான் அனுப்புற சத்தம் பட்டுத் திரும்பும். பட்டி இல்லையெண்டு நினைக்கிற ஆளுக்கு அது விரிசல்.

அமெரிக்காக்காரன் பழைய வரைபடத்தை வச்சுக் கொண்டு பாக்கிறான்!

எழும்பி நிண்டிட்டன். கொப்பி மண்ணில. தம்பி கிறீஸ் கையோட நிமிந்து, "என்ன அக்கா, பாம்போ?"

"இல்லையடா. பட்டி."

"என்ன பட்டி?"

"வேலையைப் பார்."

இலங்கைத்துறையில போன் சிக்னல் கோடு ஒண்டு வரும், ஒண்டு போகும். வானின்ர கூரையில ஏறி நிண்டு சென்னுக்கு அனுப்பினன்: "வெல்ட் நல்லது. மாத்தின வரைபடம், கையெழுத்து வச்ச பிரதி, உடன வேணும். பெடியளுக்குச் சொல்லுங்கோ."

கரையில நிண்ட ரெண்டு மீன்காரர் அண்ணாந்து பாத்துக் கொண்டு. ஒராள் மற்றாளிட்ட: "நல்ல சப்பாத்துப் போட்டிருக்கிறா, ஆனா கூரையில ஏறுறா."

எஞ்சின் நாலு மணிக்கு ஸ்டார்ட். தம்பிக்கும் எனக்கும் ஒரே நாளில வெற்றி. வழியில தேத்தண்ணி, பனிஸ்.

ஆனா இன்னும் நிச்சயமில்லை. எழுதினது நான், வாசிக்கிறதும் நான். திங்கள் இரும்பு சொல்லவேணும்.


ஜூலை 6, ஞாயிறு

பூசை ஏழு மணிக்கு. பிரசங்கம் நீளம். மின்விசிறி நிண்டு நிண்டு சுத்துது.

சென் வரைபடம் அனுப்பிப் போட்டார். மாத்தின திகதி, மூண்டு கையெழுத்து, எல்லாம் இருக்கு. டெபிக்கு அனுப்பினன். ஞாயிறெண்டும் பாக்காமப் பதில்: "றிக்குக்குக் காட்டுறன். ஆனா அவர் படத்தை நம்பமாட்டார், மேரி. கருவியைத்தான் நம்புவார்." றிக், அந்த இன்ஸ்பெக்டர். முப்பது வருஷ அனுபவம். நல்லது. நானும் கருவியைத்தான் நம்புறனான்.

மத்தியானம் இறால் குழம்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. நான் கோப்பையில கிளறிக் கொண்டு. தம்பியும் மனிசியும் பிள்ளையளோட மாமியார் வீட்ட. அம்மாவும் நானும் மட்டும்.

"மூண்டு நாளா நீ ஒழுங்காச் சாப்பிடேல்லை. வேலை போயிட்டுதோ?"

"இல்லை அம்மா. ஒரு மூட்டில பிழை எண்டுகினம்."

"பிழையோ?"

"இல்லை."

"பிறகென்ன?"

அப்பதான் சொல்லிப் போட்டன். யோசிச்சுச் சொன்னதில்லை. அந்த மூட்டு பாத்தது அப்பா செத்த அடுத்த நாள் எண்டு. அண்டைக்கு மத்தியானம் எயாப்போட் திறந்தது எண்டு. சீற் இருந்தது எண்டு. நான்தான் வரேல்லை எண்டு.

அம்மா சோத்தைப் பிசைஞ்சு கொண்டிருந்தா. நிப்பாட்டேல்லை.

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"சேவியர் அண்டைக்கே போனில பாத்தவன். பின்னேரம் ஒரு பிளேன் இருக்கு, சீற்றும் இருக்கு, அக்கா ஏன் பூட்டெண்டுறா எண்டு என்னட்ட வந்து கேட்டவன். வாயை மூடு எண்டு சொன்னன். வந்த ஆட்கள் எல்லாருக்கும் எயாப்போட் பூட்டெண்டு சொன்னது நான்தான். சுவாமியாருக்கும்."

"சுவாமியாருக்குமோ!"

"பாவசங்கீர்த்தனத்தில சொல்லிப் போட்டன், பயப்பிடாத."

எனக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. ரெண்டும் ஒண்டாய் வந்தா சோறு இறங்காது.

"அப்ப ஏன் அம்மா இவ்வளவு நாளும் கேக்கேல்லை?"

"கேட்டு? நீ இன்னொரு பொய் சொல்லவோ?" கை கழுவ எழும்பினா. குசினி வாசலில நிண்டு திரும்பி: "கோபம் இருந்தது. இல்லையெண்டு சொல்லமாட்டன். உன்ர அப்பா சவப்பெட்டிக்குள்ள, மூத்தவள் வேலையில. ஒரு மாசம் நான் உன்னோட நல்லாக் கதைக்கேல்லை. நீ கவனிக்கேல்லை."

கவனிச்சனான். துக்கம் எண்டு நினைச்சனான்.

"அந்த மூட்டை ஒழுங்காப் பாத்தியோ?"

"மூண்டு தரம் பாத்தனான் அம்மா."

"அப்ப, அதை அவங்களுக்குக் காட்டு."

பிறகு வந்திருந்து நான் மிச்சம் விட்ட இறாலைத் தன்ர கோப்பைக்குள்ள போட்டா.


ஜூலை 7, திங்கள்

காலமை கண் கிளினிக். இலக்கம் 46. பத்தரைக்குக் கூப்பிட்டவை. வெண்படலம் முத்தேல்லை, ஆறு மாசம் கழிச்சு வரட்டாம். அம்மா டொக்டரிட்ட: "என்ர மகளும் ஸ்கான்தான் பாக்கிறவ." டொக்டர்: "எந்த ஆஸ்பத்திரி?" அம்மா: "யாட்டில."

அஞ்சரைக்கு டெபியோடயும் றிக்கோடயும் வீடியோ கோல்.

முன் அறை மேசை. பின்னால நல்ல சுவர் வேணும், அலுமாரியைத் தள்ளிப் போட்டன். யாட் சட்டை போட்டுக் கொண்டிருந்தன். கீழ வீட்டுப் பாவாடை. ஆருக்குத் தெரியும். தம்பி சத்தம் போடாம வாசலில. அம்மா கமரா பிடிக்காத மூலையில கதிரை போட்டு.

திரையில டெபி, தலையில ஹெல்மெற். காலமை எட்டு மணி வெயில் அங்க. பின்னால மூண்டாம் கிரேன், கை மேல தூக்கி நிக்குது. என்ர பிள்ளை மாதிரி ஒரு நிமிஷம். பிறகு றிக். நரைச்ச தாடி, பெரிய தோள். மரியாதையான ஆள், ஆனா முடிவோட வந்தவர்.

"மேடம், நான் பிழையெண்டு சொல்ல ஆசைப்படேல்லை. ஆனா நான் கண்டது கண்டதுதான்."

"நீங்கள் கண்டது இருக்கு எண்டுதான் நானும் சொல்லுறன். அது என்னெண்டதுதான் கேள்வி. புறோப்பை வையுங்கோ."

வச்சார். புறோப் எண்டா சத்தத்தை அனுப்பி வாங்குற சின்னத் தலை. கருவித் திரையை டெபி போனுக்குக் காட்டினா. எதிரொலி உசரமா ஒரு கூர். நல்ல தெளிவு.

"இனி மெதுவா வலப் பக்கம் இழுங்கோ. நிப்பாட்டாம. ஒரு மீற்றர்."

இழுத்தார். கூர் அசையேல்லை. அதே இடம், அதே உசரம்.

"றிக், விரிசல் இப்பிடி அடிமட்டம் வச்சுக் கீறின மாதிரி ஓடி நீங்கள் பாத்திருக்கிறீங்களோ?"

கொஞ்சம் யோசிச்சார். "அரிது. ஆனா இல்லையெண்டு சொல்ல ஏலாது."

நேர்மையான பதில். எனக்கு ஆளைப் பிடிச்சுப் போச்சு. கோபம் அந்த இடத்தில போயிட்டுது.

"சரி. ஒரு ஆளை உள்ளுக்கு விடுங்கோ. ஆள் இறங்குற துவாரத்தால. கையில ஜெல். நீங்கள் புறோப்பை இப்ப இருக்கிற இடத்திலயே அசையாமப் பிடியுங்கோ."

இருபது நிமிஷம் போச்சு. பாதுகாப்புக் கடதாசி, கயிறு, காத்துச் சோதினை. அம்மா மூலையில செபமாலை உருட்டுறா. தம்பி தேத்தண்ணி கொண்டு வந்து வச்சான், ஆறிப் போச்சு.

உள்ளுக்குப் போனது ஒரு மெல்லிய பொம்பிளை. அவவின்ர குரல் வோக்கிடோக்கியில இரும்புக்குள்ளால: "இருக்கு. இங்க ஒரு பட்டி இருக்கு. நீளத்துக்கு ஓடுது."

றிக் புறோப்பை எடுக்கேல்லை. பட்டி இருந்தா மட்டும் போதாது எண்டு அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பட்டியும் இருக்கலாம், விரிசலும் இருக்கலாம்.

"விரலில ஜெல் பூசி பட்டியின்ர விளிம்பில வையுங்கோ. அமத்தி. புறோப்புக்கு நேர எதிர்ப்பக்கம். வச்சு வச்சு எடுங்கோ."

ஈர விரல் பட்ட இடத்தில சத்தம் கொஞ்சம் உறிஞ்சப்படும். எதிரொலி அந்த விளிம்பிலயிருந்து வாறதெண்டா கூர் தாழும். விரிசலிலயிருந்து வாறதெண்டா விரலைப் பற்றி அதுக்குக் கவலையில்லை.

நான் திரைக்குக் கிட்டக் குனிஞ்சன்.

"வைக்கிறன்," எண்டுது குரல்.

கூர் தாழ்ந்துது.

"எடுக்கிறன்."

எழும்பிச்சுது.

"வைக்கிறன்." தாழ்ந்துது. "எடுக்கிறன்." எழும்பிச்சுது.

ஆறு இடத்தில செய்விச்சார் றிக். ஆறிலயும் அப்பிடியே. ஏழாவதை நான் கேக்க முன்னம் அவரே புறோப்பை எடுத்துத் துடைச்சார். ஹெல்மெற்றைக் கழட்டி நெத்தியைத் துடைச்சுப் போட்டு கமராவைப் பாத்தார்.

"மேடம், எனக்குத் தந்தது பழைய படம். ஆனா படத்தை மட்டும் குறை சொல்லமாட்டன். நான் இந்த விரல் வேலையை முதலிலயே செய்திருக்கவேணும். வெல்ட் சுத்தம். இண்டைக்கே எழுதித் தாறன்."

"நன்றி. நீங்கள் கண்டதை மறைக்காமச் சொன்னதும் சரிதான்."

டெபி கை தட்டினா. பின்னால நிண்ட ஆட்களும்.

கோலைக் கட் பண்ணினன். தம்பி: "முடிஞ்சுதோ? என்ன நடந்தது? ஒரு விரலை வச்சு எடுத்தவை, அவ்வளவும்தானே?"

"அவ்வளவும்தான்."

அம்மா செபமாலையை முத்தமிட்டு மடியில வச்சா. "பாவாடையோட இருந்தே அமெரிக்காவைக் கெலிச்சுப் போட்டாள்," எண்டா.

சென்னுக்குப் போன் பண்ணினன். அவருக்கு ஒன்பது தாண்டிட்டுது. சொன்னன். அவர்: "மா கோங், அண்டைக்கு நீ மூண்டாம் தரம் துடைக்கேக்க எனக்கு உன்னில கோபம் வந்தது. போய் அழு, ஏன் இரும்போட நிக்கிறாய் எண்டு நினைச்சனான். இப்பதான் உனக்குச் சொல்லுறன்."

பெடியள் ரெண்டு பேரும் நாளைக்கு வேலைக்கு.


ஜூலை 8, செவ்வாய்

றிக்கின்ர கடிதம் வந்திட்டுது. ஒரு பக்கம். நாலு தரம் வாசிச்சன். அஞ்சாந்தரம் அம்மாவுக்குத் தமிழில. அவ திருப்பி ராணி அன்ரிக்கு. ராணி அன்ரியின்ர கதையில றிக் முழங்காலில நிக்கிறார். திருத்தினன், பிரயோசனமில்லை.

பெருமையை எழுத வெக்கம். ஆனா இந்தக் கொப்பியை ஆர் பாக்கப் போகினம்.

பதினொரு வருஷத்துக்கு முந்தி அந்த யாட்டில இறங்கின முதல் நாள். வாசலில நிண்ட காவல்காரர் சமையல் ஆள் எண்டு நினைச்சு என்னைக் கன்ரீனுக்கு அனுப்பினவர். கன்ரீனில வெங்காயத்தைக் காட்டினவை. ரெண்டு வெங்காயம் உரிச்சும் போட்டன், மொழி தெரியாமல். அதே வருஷம் அமெரிக்காவில குடிவரவு அதிகாரி, "வெல்டிங் பாக்கிறது நீங்களோ, உங்கட கணவரோ?" இப்ப அதே காவல்காரர் நான் மின்சார ஸ்கூட்டரில வர முன்னமே தடையைத் தூக்குறார்.

சைனாவில ஒரு அறை, பதினோராம் மாடி, சுடுதண்ணிப் போத்தல், யன்னலில ஆறு. அமெரிக்காவில மோட்டல் அறை, நெடுஞ்சாலை, நடக்க ஒரு ஓரம் இல்லாத ஊர். ரெண்டு இடத்துக்கும் ஒரே மிளகாய்த்தூள், அம்மா வறுத்தது. ஒரு இடத்திலயும் நான் விருந்தாளி இல்லை. வேலைக்கு வந்த ஆள்.

டெபி கேட்டிருக்கிறா: பாரம் தூக்கிற சோதினைக்கு நான் நேர வரட்டாம். றிக்தான் கேட்கச் சொன்னவராம். 15ஆம் திகதி பிளேன். சைனாவுக்குப் போறது பிந்தும். சரி எண்டன்.

பேர் வெட்டுற ஆளைக் கண்டாச்சு. "பிலிப்பு" எண்டதுக்கு "பிலிபு" எண்டு கீறி வச்சிருந்தார். நல்ல காலம்.


ஜூலை 10, வியாழன்

காத்துக் கொஞ்சம் அடங்கினது. கோணேசர் மலைப் பக்கம் கடல் நீலம்.

வாங்க: நல்லெண்ணெய் சின்னப் போத்தல், கருவாடு (அமெரிக்காவுக்கு விடமாட்டினம், சென்னுக்கு எடுத்து வைக்க), கால் உறை.

தம்பி சாவிப் பெட்டியைத் திறந்து ஒவ்வொண்டா அடுக்கி வச்சுப் போட்டு ஒண்டையும் பாவிக்கிறான் இல்லை. "கீறு விழும்" எண்டுறான். கீறு விழத்தான் வாங்கினது எண்டு ஏசினன்.

பின்னேரம் தனிய இருக்கேக்க சொன்னான்: "அக்கா, நான் அண்டைக்கு அம்மாட்டச் சொல்லியிருக்கக்கூடாது."

"நீ பாத்தது உண்மைதானே. கண்டதைச் சொல்லவேணும்."

"நீ கோவமோ?"

"நீ எனக்கு நேர கேட்டிருந்தா இன்னும் நல்லம்."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பாய்?"

தெரியேல்லை எண்டன். உண்மை அதுதான்.


ஜூலை 13, ஞாயிறு

மேகம். மழை வரேல்லை. சேமக்காலையில கல்லறையளைச் சுத்தி மண் வெள்ளையாக் காய்ஞ்சு.

சுவாமியார் பூசைக்குப் பிறகு வந்து கல்லறையை மந்திரிச்சார். இருபது பேர் வரை. பேர் பிழையில்லை. தம்பியின்ர சின்னவள் மெழுகுதிரியைக் காத்து அணைக்க அணைக்கத் திருப்பித் திருப்பிக் கொளுத்தினாள். நான் கல்லைத் தொட்டுப் பாத்தன். பூச்சு வேலை ஒழுங்கு, ஒரு மூலையில மட்டும் சின்ன வெடிப்பு. தம்பியிட்டச் சொன்னன், கிழமைக்குள்ள பூசுவிக்கச் சொல்லி. அழுகை வந்தது. அஞ்சு மாசம் பிந்தி, ஆனா ஒழுங்கா வந்தது. அம்மா முதுகில கை வச்சா, தட்டேல்லை, சும்மா வச்சா.

எல்லாரும் கலைய ஞானம் மாமா கிட்ட வந்தார். அப்பாவோட துறைமுகப் பட்டறையில இருபது வருஷம் நிண்டவர், அடக்கத்தில பெட்டி தூக்கினவர்.

"பாவம் பிள்ளை. அண்டைக்கு அந்த எயாப்போட் மட்டும் பூட்டாமல் இருந்திருந்தா உன்ர அப்பான்ர முகத்தைப் பாத்திருப்பாய்."

அம்மா உடன: "ஓம், பனி எண்டா அப்பிடிப் பனி..."

"இல்லை மாமா," எண்டன். "மத்தியானம் திறந்திட்டுது. சீற்றும் இருந்தது. எனக்கு அண்டைக்கு ஒரு வேலை இருந்தது. அதை முடிக்க நிண்டனான்."

மாமா என்னைப் பாத்தார். பிறகு அம்மாவைப் பாத்தார். பக்கத்தில நிண்ட ராணி அன்ரி செபப் புத்தகத்தைத் திறந்து வாசிக்கத் தொடங்கிட்டா.

அம்மா சீலைத் தலைப்பை இழுத்துச் செருகினா.

"என்ன பாக்கிறீங்கள்? அந்தக் கிரேன் இப்ப அமெரிக்காவில நிக்குது. நூறு தொன் தூக்கும்."

சொல்லிப் போட்டு எங்களுக்கு முன்னால விறுவிறெண்டு வாசலுக்கு நடந்தா.

(அறுபத்தஞ்சு தொன். திருத்தேல்லை.)